ரப்பர் புழுவும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும்

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்களில் சிலர் இப்போது சனிக்கிழமைகளில் தூண்டிலோடு நேப்பியன் ஆற்றுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். போகிற வழியில் என் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணை, எந்தப் புழு நல்லது? சிவப்போ, கறுப்போ?" என்று கேட்கிறார்கள். சில வருடங்கள் ரப்பர் புழு வார்க்கும் கொட்டிலில் வேலை செய்தவன் என்பதால், ஆற்று மீன்களெல்லாம் என்னோடு கலந்து பேசிவிட்டுத்தான் வாயைத் திறக்கின்றன என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. உண்மை என்னவென்றால், என் வாழ்நாளில் நான் பிடித்தது ஒரே ஒரு மீன். அதையும் திருப்பி ஆற்றில் விட்டுவிட்டோம்.

அந்த ஒரு மீனைப் பற்றிச் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இரண்டு தரம் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது சரி என்றேன். இது எங்கள் ஊர்ப் பழக்கம். இந்தப் பழக்கத்தால் நான் பட்ட பாட்டைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தும் எங்களுடையது புகையிலைத் தோட்டப் பக்கம். கடலை வருடத்தில் ஒருமுறை தீர்த்தத் திருவிழாவுக்குப் போகும்போது கரையில் நின்று பார்ப்பேன். நீந்தத் தெரியாது. என் மனைவி பவானி தாதி. அவளுக்குத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. நான் அவளுடைய பெட்டிகளில் ஒன்றைப் போலப் பின்னால் வந்து சேர்ந்தேன். பெட்டிகளுக்காவது பிடி இருந்தது.

வந்த புதிதில் ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விளங்காததற்கெல்லாம் 'யெஸ்' என்றும், விரும்பியதற்கெல்லாம் 'நோ' என்றும் சொல்லிக்கொண்டு அங்கே காலம் தள்ளினேன். தொழிற்சாலையை மூடினார்கள். அதற்குப் பிறகு பல மாதம் வேலை இல்லை. பவானி காலையில் வெள்ளை உடுப்போடு பஸ்ஸுக்குப் போவாள். நான் வாசலில் நின்று கை காட்டுவேன். எதிர்வீட்டுக் கிழவர் அது தனக்கென்று நினைத்துத் தானும் கை காட்டுவார். பிறகு நான் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவுவேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆண்பிள்ளை ஒருவன் கோப்பையோடு வாழ்வது என்ன வாழ்வு என்று மனது அரித்தது.

எனக்கு அடுத்த வேலையைப் பிடித்துத் தந்தது ஒரு தூண்டில் முள். பரமட்டாவில் தன் வீட்டின் பின்வளவுக் கொட்டிலில் தூண்டில் சாமான் செய்த கெவின் என்பவரின் பெருவிரலில் அது ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை எடுக்கும்போது பக்கத்தில் நின்ற தாதி பவானி. "உங்களுக்குக் கை உதவிக்கு ஒரு ஆள் வேணும்" என்று மனைவி சொல்லியிருக்கிறாள். கெவின் மறுக்கவில்லை. முள் இன்னும் விரலுக்குள் இருந்ததாம்.

கெவின் முன்பு தண்ணீர்க்குழாய் பொருத்தும் வேலை செய்தவர். ஈயத்தை உருக்குவது அவருக்குக் கை வந்த காரியம். அமெரிக்காவில் இருந்த தமையன் அனுப்பிய சஞ்சிகைகளைப் படித்து அவருக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. அங்கே உடம்பில் புள்ளி போட்ட பாஸ் மீன் ஒன்று இருக்கிறதாம். தெளிந்த தண்ணீரில் வாழ்வதால் அது எதையும் சந்தேகப்படுமாம். பெரிய இரையைக் கண்டால் ஓடிவிடும். அதற்கென்று அங்கே தீக்குச்சிப் பருமனில் மெல்லிய புழுவும், முள்ளோடு சேர்ந்த பயறு அளவு ஈயத் தலையும், நரம்பு என்று நாங்கள் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நூலும் பாவிக்கிறார்கள். எங்கள் ஆற்று பாஸுக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் சந்தேகம் இருக்கிறது, அதே வித்தை இங்கேயும் பலிக்கும் என்பது கெவினின் நம்பிக்கை. ஊர்த் தூண்டில்காரர் சிரித்தார்கள். அவர்கள் வாழைப்பொத்தி மாதிரி, மரத்தில் செதுக்கிய பொய்மீனைச் சளாரென்று எறிந்து பழகியவர்கள்.

கெவின் அதிகம் பேசமாட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்லமாட்டார். கேட்டதைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். அவருடைய ஆங்கிலத்தை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது.

புழு வார்ப்பதை ஒரே ஒரு தரம் செய்து காட்டினார். சட்டியில் ஊற்றும்போது புழு வார்க்கும் ரப்பர்த் திரவம் பால் போல வெள்ளையாக இருக்கும். சூடேறினால் களியாக இறுகும். பதறக் கூடாது. மெல்லக் கிளறிக்கொண்டு நின்றால் களி இளகித் தேன் போலத் தெளியும். அந்தக் கணத்தில் இறக்க வேண்டும். பிந்தினால் மஞ்சளாகிப் புகையும், கண் எரியும். இறக்கியதை அச்சுக்குள் வால் பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும். தலைப் பக்கத்திலிருந்து ஊற்றினால் வாலுக்குள் காற்று நின்றுவிடும். காற்று நின்ற வால் தண்ணீரில் கோணலாக நிற்கும். நான் முதல் நாள் வார்த்த புழுக்கள் எல்லாம், பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டதும் கையைத் தூக்கும் பிள்ளைகள் மாதிரி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

சோதிப்பதற்குக் கொட்டிலின் பின்னால் ஒரு பழைய குளியல்தொட்டி இருந்தது. கெவின் அதற்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, புதுப் புழுவை நரம்பில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். இழுக்கமாட்டார். சும்மா வைத்திருப்பார். விரல் நுனியால் நரம்பை மெல்ல ஒருமுறை சுண்டுவார். புழுவின் உடம்பு அசையாமல் வால் மட்டும் நடுங்க வேண்டும். நடுங்கினால் புழு அவருடைய சட்டைப் பைக்குள் போகும். இல்லாவிட்டால் உருக்குச் சட்டிக்குள் போகும். நல்லது, கூடாது என்று ஒரு சொல் வராது. நான் வார்த்த ஒரு புழு அவருடைய சட்டைப் பைக்குள் முதன்முதலாகப் போனபோது, எனக்குத் திருமணத்தன்று கூட அவ்வளவு மகிழ்ச்சி இருக்கவில்லை. இதைப் பவானி வாசிப்பாள். வாசிக்கட்டும்.

இனித் தேத்தண்ணீருக்கு வருகிறேன்.

உருகிய ஈயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. ஒரு துளி விழுந்தாலும் வெடித்து முகத்தில் தெறிக்கும். அதனால் தேத்தண்ணீர் குடிப்பது கொட்டிலுக்கு வெளியே, எலுமிச்சை மரத்தின் கீழே. முதல் நாள் கெவின் கேத்தலோடு வந்து, "தேத்தண்ணி?" என்றார்.

"வேண்டாம், நன்றி" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் எதைத் தந்தாலும் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் கேட்டால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்போம். மூன்றாம் தரம், "சரி, அரைக் கோப்பை" என்று முழுக் கோப்பையும் குடிப்போம். முதல் தரமே ஓம், தாருங்கள் என்பவனைப் பற்றி அவன் போன பிறகு கதைப்பார்கள். ஆகவே நான் இரண்டாம் கேள்விக்குக் காத்திருந்தேன். கெவின் தனக்கு ஊற்றிக்கொண்டு கேத்தலை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

அடுத்த நாள் கேட்கவே இல்லை. குடிக்காதவனைக் கேட்டு ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பார். அவருடைய மனைவி ஜாய்ஸ் கேக் கொண்டுவந்தாள். "வேண்டாம்." அந்தக் கேக்கையும் பிறகு காணவில்லை. ஒருநாள் கொட்டும் மழையில் நான் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். கெவின் தன் வான் வண்டியை நிறுத்தி, "ஏறுறியோ?" என்றார். "இல்லை, பரவாயில்லை" என்றேன். வான் போய்விட்டது. நான் கோழிக்குஞ்சு போல நனைந்து வீடு வந்தேன்.

பவானி துவாயை எறிந்தாள். "நீங்கள் என்ன, பொம்பிளை பாக்க வந்த வீட்டுக்காரரே? ரெண்டாம் தரம், மூண்டாம் தரம் கேக்க அந்த மனிசனுக்கு வேறை வேலை இல்லையே?"

"கேட்ட உடனை ஏறினால் என்ன நினைப்பார்?"

"மழை பெய்யுது எண்டு நினைப்பார்."

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. எலுமிச்சை மரத்தின் கீழே கெவின் தேத்தண்ணீர் குடிக்க, நான் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு ஆசைகளே இல்லை, ஏதோ விரதகாரன் என்று ஜாய்ஸ் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய கேக் வேகும் வாசம் கொட்டிலுக்குள் வரும்போது அந்த விரதகாரன் எச்சில் விழுங்கிக்கொண்டு புழு வார்த்தான்.

ஒருநாள் கெவின் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். மெல்பேர்ணில் பல தூண்டில் கடைகள் வைத்திருக்கும் ரெக்ஸ் என்பவர் வருகிறார். அவர் புழுவை ஆற்றில் போட்டுப் பார்த்து, மீன் அகப்பட்டால் பெரிய ஓடர் கிடைக்கும். கிடைத்தால் வீட்டை விற்றுவிட்டு, ஆற்றுப் பக்கம் பெரிய இடமாக எடுக்கலாம். கிடைக்காவிட்டால் கொட்டிலை மூட வேண்டியதுதான், இதற்கு மேல் கையில் காசு இல்லை. பிறகு தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புது இடம் எடுத்தால் அச்சுப் பக்கம் முழுக்க உன்ரை பொறுப்பிலை விடலாம் எண்டு பாக்கிறன். வாறியோ?"

அந்த வாசல், எதிர்வீட்டுக் கிழவர், கழுவிய கோப்பைகள் எல்லாம் ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்து மறைந்தன. ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் தன் பழக்கப்படி, "ஐயோ, வேண்டாம். என்னை விட நல்ல ஆள் ஒருத்தரைப் பாருங்கோ" என்றது.

"சரி" என்றார் கெவின்.

இந்த முறையாவது திருப்பிக் கேட்பார் என்று அன்று முழுவதும் அவருக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றேன். "ஏன் காலுக்குள்ளை நிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். ஓடர் வருமுன்பே ஆளைப் பார்த்து வைக்க நினைத்தாரோ என்னவோ, இரண்டு மூன்று நாளில் உள்ளூர்ப் பேப்பரில் அச்சு வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. அதைப் பவானிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"இது உங்கடை வேலையெல்லே?"

"ஓம்."

"வேண்டாம் எண்டு சொன்னீங்களோ?"

"ஒருக்காத்தான் சொன்னனான்."

அவள் பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நோயாளிகளை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. "நாளைக்குப் போய், நான் வாறன் எண்டு சொல்லுங்கோ. நாலு சொல்லும் இல்லை" என்றாள்.

போனேன். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ரெக்ஸ் வந்த சனிக்கிழமை வரை இழுத்துவிட்டேன்.

படகைப் பிடிக்கவும் சாமான் தூக்கவும் கெவின் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். மிதப்புச் சட்டையை இறுக்கிக் கட்டி, படகின் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். யார் யாரைப் பிடித்தார்கள் என்று பார்த்தால், படகுதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரெக்ஸ் உரத்த குரல்காரர். சிரித்தால் படகு ஆடும். அவர் சிரிக்கக் கூடாது என்று வைரவரை வேண்டினேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. விழுந்து கிடந்த மரங்களின் நிழலுக்குள் புழுவை எறிய வேண்டும். அது தானாக அமிழ வேண்டும். பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. தூண்டில் பிரம்பின் நுனியை எப்போதாவது ஒரு சிறு நடுக்கம் நடுக்கினால் போதும். சும்மா இருப்பதுதான் முழு வித்தையும். ஆனால் ரெக்ஸுக்குச் சும்மா இருக்க வராது. நரம்பில் டிக் என்று ஒரு தட்டு விழுந்ததும் பிரம்பை வெடுக்கென்று இழுத்தார். வால் கடிபட்ட புழு மட்டும் வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"உன்ரை புழு மீனுக்குச் சாப்பாடு போடுது, கெவின். பிடிக்குதில்லை" என்றார்.

கெவினும் எறிந்தார். தொட்டிப் பக்கத்தில் அத்தனை பொறுமையாக நிற்கும் மனிதருக்கு அன்று கை பதறியது. அவரும் முதல் தட்டிலேயே இழுத்தார். அவருக்கும் அறுந்த வால்தான். வெயில் ஏறியது. ரெக்ஸ் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். கெவினின் கழுத்து சிவந்திருந்தது. நான் வார்த்த புழுக்கள் ஒவ்வொன்றாக வாலில்லாமல் வருவதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. கொட்டில் மூடப்போகிறது. யார் வேலைக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

"பிடி, கொஞ்சம்" என்று கெவின் தன் பிரம்பை என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். புழு தண்ணீருக்குள்தான் இருந்தது. பயத்தில் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் நரம்பு வழியாக இறங்கியிருக்க வேண்டும்.

டிக்.

யாரோ வாசலில் வந்து கூப்பிட்டது மாதிரி இருந்தது. என் கை அசையவில்லை. முதல் தரம் கூப்பிட்டதும் எழும்பி ஓடுவது முறையல்ல.

டிக்.

"இழு!" என்று ரெக்ஸ் கத்தினார். கத்தியதில் படகு ஆடியது. நான் இன்னும் இறுகிப் போனேன். இரண்டாம் தரம்தானே.

மூன்றாவது வெறும் தட்டு இல்லை. நரம்பு மெல்ல, ஒரு தீர்மானத்தோடு, பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. சரி, இவ்வளவு தூரம் கேட்கிறது என்று பிரம்பைத் தூக்கினேன். பிரம்பு வில்லாக வளைந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது எதுவும் எழுதத் தகுந்ததல்ல. எழும்பினேன், இருந்தேன், முருகா என்றேன், நரம்பை ரெக்ஸின் தொப்பியில் சிக்கவைத்தேன். கெவின்தான் வலையால் மீனை அள்ளினார். என் முழங்கை நீளம், செம்பு நிறமாக மினுங்கியது. புழு வாய்க்குள் முழுக்கப் போயிருந்தது, வாலும் சேர்த்து. அதன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனது வரவில்லை. "விட்டுவிடலாமே" என்றேன். கெவின் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீருக்குள் விட்டார்.

"ஏன் காத்திருந்தனி? எப்பிடித் தெரியும்?" என்று ரெக்ஸ் கேட்டார்.

"மரியாதைக்கு" என்றேன்.

"என்ன மரியாதை?"

இந்த நாட்டில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி, எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் என்ன சொல்வோம், இரண்டாம் தரம் என்ன சொல்வோம், மூன்றாம் தரம் எப்படி அரைக் கோப்பை என்போம் என்று விளக்கினேன். ரெக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பலகையைப் பிடித்தேன். கெவின் சிரிக்கவில்லை. கையில் போத்தல் மூடியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, முதல் நாள் தேத்தண்ணி?"

"விருப்பம்தான்."

"ஜாய்ஸின்ரை கேக்?"

"விருப்பம்."

"அந்த மழை?"

"அது… சரியான மழை."

கெவின் ஒரு சொல் சொன்னார். அதை மலரில் எழுத முடியாது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அச்சுப் பக்கம்?"

இரண்டாம் தரம் கேட்பார், மூன்றாம் தரமும் கேட்பார் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. பவானியின் முகமும் வந்தது. பலகையை விட்டுக் கையை எடுத்தேன்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் அவருக்கு விளங்கியது.

"திங்கட்கிழமை விளம்பரம் பாத்து ஒருத்தன் வாறான்" என்றார் கெவின்.

நான் மறுபடி பலகையைப் பிடித்தேன்.

"அவனுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புவம்."

அதற்குப் பிறகு ரெக்ஸும் காத்திருந்து பார்த்தார். அவருக்குக் காத்திருப்பது பல்லுப் பிடுங்குவது மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்றாம் தட்டு வரை பொறுத்தார். பின்னேரத்துக்குள் அவரும் பிடித்தார், கெவினும் பிடித்தார். போகும்போது ஓடர் தந்தார். ஒவ்வொரு பைக்கட்டிலும் 'மூன்றாம் தட்டு வரை பொறு' என்று அச்சடிக்க வேண்டும் என்றும் சொன்னார். சிவப்போ கறுப்போ என்று கேட்கிற சங்கத்து ஆட்கள் அந்தப் பைக்கட்டைத் திருப்பிப் பார்த்தாலே போதும்.

ஆற்றுப் பக்கத்துப் புது இடத்தில் அச்சுப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். அங்கே தேத்தண்ணீர் நேரத்தில் கெவின் எதையும் மூச்சு விடாமல் மூன்று தரம் கேட்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார். "தேத்தண்ணி, தேத்தண்ணி, தேத்தண்ணி?" என்பார். புதிதாக வந்த வேலையாட்கள் அவருக்குத் திக்குவாய் என்று நினைத்தார்கள்.

போன வருடம் கண் மங்கத் தொடங்கியது. வாலுக்குள் நிற்கும் காற்றுக்குமிழி தெரியவில்லை. தெரியாமல் வார்த்தால் வால் கோணும் என்பது எனக்குத் தெரியும். வேலையை விடுகிறேன் என்று கெவினிடம் போய்ச் சொன்னேன். அவர் தொட்டிப் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். எழும்பவில்லை.

"இருக்கலாமே?" என்றார்.

"வேண்டாம்."

"கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கலாமே?"

"வேண்டாம்."

புழுவைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மூண்டாம் தரம் கேக்கிறன். இருக்கலாமே?"

"வேண்டாம்" என்றேன். இந்த முறை உண்மையாகவே வேண்டாம்தான். கை கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனாலும் கேற்றுப் பக்கம் போனதும் கால் நின்றுவிட்டது. நாலாம் தரமும் கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.